கெனாப்பா

பாயா தெருபோங், பதினேழாம் மாடி.
மலையை வெட்டிக் கட்டிய எதிர்க்கட்டடத்தில்
கடைசி விளக்கும் அணைந்த பிறகு
என் திரையில் மட்டும் ஓர் ஏரி.

ஏரிக்குப் போகும் பாலத்தில்
இரண்டு தலை அரக்கன் காவல்.
நாற்பத்தோரு முறை என்னைக் கொன்றான்.
அடுத்த முறை ஆயுதத்தை மாற்றவில்லை,
விதியை மாற்றினேன்:
சின்ன நிரல், எட்டு எம்பி கூட இராது,
கட்டத்துக்குள் ஒரு டிக்.
உயிர் குறையாது.
அவன் வெட்டினான், வெட்டினான்,
கொசு கடித்தவன் போல நின்றுவிட்டுத்
தாண்டிப் போனேன்.
அவனைக் கொல்லக்கூட இல்லை.

அந்த உலகத்தில் என்னைத் தவிர மனிதரே கிடையாது.
யாரிடம் எதைத் திருடினேன்?
தனியாக ஆடும் சீட்டில்
அடுத்த சீட்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல,
அவ்வளவுதான்.
பன்னிரண்டு மணி நேரம் சில்லுகளில் தூசு தேடியவனுக்கு
தூண்டில் போட ஓர் இடம் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு வேறு ஆட்டம். நால்வர் அணி.
பட்டர்வொர்த்திலிருந்து ஃபைசுல்,
ஜெலுத்தோங்கிலிருந்து ஆ கியோங்,
கல்யாணமாகி ஷா ஆலம் போய்விட்ட துர்காஷினி,
எங்களில் குறி தப்பாதவள் அவள் ஒருத்திதான்.
அங்கே கள்ள ஆட்டம் ஆடுகிறவனைக் கண்டால்
எனக்கு ரத்தம் கொதிக்கும்.
சுவருக்கு அப்பால் பார்க்கிறவன்,
கண்ணை மூடிக்கொண்டே நெற்றியில் சுடுகிறவன்,
எத்தனை பேரைப் புகார் செய்திருப்பேன் நானே.

அன்றைக்கு ஏரியை மூடினேன்.
நிரலை மூட மறந்தேன்.
திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில்,
ஒரு பச்சைப் புள்ளியாய் அது தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஆட்டத்தின் காவல்காரனுக்குத்
தூக்கமும் விழிப்பும் ஒன்றுதான்.
நினைவகத்தில் அறை அறையாய்க் கைவிட்டுத் துழாவுவான்.
கத்தி இருக்கிறதா என்றுதான் பார்ப்பான்,
மாம்பழம் நறுக்கவா என்று கேட்கமாட்டான்.

மூன்றாம் சுற்று.
ஆ கியோங் இடப்பக்கம் இடப்பக்கம் என்று கத்துகையில்
என் திரை நின்றது.
நிரந்தரத் தடை.
ஆறு வருடம், மூவாயிரத்துச் சொச்சம் ஆட்டம்.

முறையீடு எழுதினேன்.
அரக்கனை எழுதினேன், பாலத்தை எழுதினேன்,
மீன்களின் நிறம்வரை எழுதினேன்.
பதினோரு நொடியில் பதில்:
கவனமாகப் பரிசீலித்தோம்.

அதுகூடப் பரவாயில்லை.
ஃபைசுல் அழைத்தான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினான்.
அப்புறம், ரொம்ப மெதுவாக,
"போன மாசம் கடைசிச் சுற்று,
நீ ஒருத்தனே மூணு பேரை அடிச்சியே,
அது நீதானே?"

நான்தான்.

அந்தச் சொல் இவ்வளவு மெலிந்து
என் வாயிலிருந்து வந்ததே இல்லை.
துர்காஷினியின் பெயருக்குப் பக்கத்தில்
விளக்கு அணைந்திருந்தது.
பிள்ளை அழுதிருக்கலாம்.

நிரலைக் கணினியிலிருந்து எடுத்து
ஒரு பென்டிரைவில் போட்டேன்.
எறிய மனம் வரவில்லை, பையில் கிடந்தது.
பிறகு வெறும் உயிரோடு பாலத்தில் ஏறினேன்.
நாற்பத்திரண்டு.
நாற்பத்து மூன்று.
யாரிடம் நிரூபிக்கிறேன் என்று தெரியவில்லை.

திங்கள் காலை பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை வாசல்.
உள்ளே பென்டிரைவுக்கு அனுமதி இல்லை,
மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது.
நேப்பாளத்துக் காவலர், புது ஆள்,
பைக்குள் கைவிட்டு அதை எடுத்தார்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து
ஒரே ஒரு சொல் கேட்டார், தடுமாறும் மலாயில்.
கெனாப்பா?

ஏனப்பா என்றே விழுந்தது என் காதில்.

பின்னால் நாற்பது பேர் வரிசை,
எவனோ நாக்கைச் சொடுக்கினான்.
நான் சொல்ல ஆரம்பித்தேன்,
பாலத்திலிருந்து.